குரூப்பை விட்டு விலகலாமா?

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் 48 வீடுகள். வாட்ஸ்அப் குரூப்பில் காலை முதல் இரவு வரை ஒரே கட்சியின் பிரசாரம்தான். பொறுக்காமல் எதிர்த்தரப்பு வீடியோ ஒன்றைப் போட்டேன். அன்றிலிருந்து லிஃப்டில்கூட யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. குரூப்பை விட்டு விலகிவிடவா, வீட்டையே மாற்றிவிடவா?
- வாசகி, தாம்பரம்

பதில்: இரண்டும் வேண்டாம். குரூப்பில் கடந்த ஒரு மாதத்து அரசியல் பதிவுகளைத் தேடி, போட்டவர்கள் யார் யார் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பெரும்பாலும் ஐந்தாறு பெயர்தான் தேறும். மற்ற வீடுகள் வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்தை ஆதரவு என்று நீங்களாகவே கணக்கில் எழுதிக்கொண்டீர்கள். பதிவில் இரட்டை அம்புக்குறி இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால், குறைந்தது ஐந்து முறை கைமாறி வந்த சரக்கு அது. எதிர்வீட்டுக்காரர் உட்கார்ந்து யோசித்து எழுதியதல்ல.

உங்கள் வீடியோ பலிக்காததில் வியப்பில்லை. 48 வீடு பார்க்க ஒருவரை மறுத்தால், அவருக்குப் பின்வாங்க வழியே இருக்காது, வீம்புதான் மிஞ்சும். தகவல் பொய்யென்றால் அவருக்கு மட்டும், "சார், இது பழைய படம் மாதிரி இருக்கிறது, பாருங்களேன்" என்று அனுப்புங்கள். அதற்கு மேல் வாதம் வேண்டாம்.

விலகினால் தண்ணீர் லாரி, லிஃப்ட் சர்வீஸ், பொதுக்குழு அறிவிப்பு எல்லாம் போய்விடும். விலகிய செய்தி அட்மினுக்கு மட்டும் போனாலும், முன்னாள் உறுப்பினர் பட்டியலில் உங்கள் பெயர் 60 நாள் எல்லோர் கண்ணிலும் படும். அதைவிட, மியூட்டில் 'எப்போதும்' என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, இரவில் ஒருமுறை திறந்து பாருங்கள்.

நிரந்தர வழி சங்கத்தில் இருக்கிறது. அறிவிப்புக் குரூப்பில் அட்மின்கள் மட்டுமே பதிவிட வேண்டும், அரட்டைக்குத் தனிக் குரூப், விருப்பமுள்ளவர்கள் அதில் சேரட்டும் - இதை அடுத்த கூட்டத்தின் பொருள்பட்டியலில் சேர்க்கச் சொல்லிச் செயலாளரிடம் எழுத்தில் கொடுங்கள். கடிதத்தில் எந்தக் கட்சியின் பெயரும் வரக் கூடாது. வந்தால் விவாதம் கட்சிச் சண்டையாகித் தீர்மானம் தோற்கும். காரணமாக, தண்ணீர் நிறுத்த அறிவிப்பு வீடியோக்களுக்கு நடுவே காணாமல் போனதைச் சொல்லுங்கள். அது எல்லோருக்கும் வலிக்கும்.

அந்தக் கடிதத்தில் ஐந்தாறு வீட்டுக் கையெழுத்து வாங்குங்கள். போனில் கேட்காதீர்கள், படியேறிப் போங்கள். வாய் திறக்காத வீடுகளில் தொடங்குங்கள். முகம் பார்த்துத் தண்ணீரையும் லிஃப்டையும் பற்றி ஐந்து நிமிடம் பேசினாலே, லிஃப்டில் கிடைக்காத பேச்சு திரும்பும். "நீங்க யாருக்கு ஓட்டு?" என்று யாராவது கேட்டால் பதில் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கில்லை. யாருக்கு வாக்களித்தார் என்று சொல்லும்படி சாட்சியையோ வேறு எவரையுமோ வற்புறுத்தக் கூடாது என்கிறது 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 94ஆம் பிரிவு.

சாதி, மத வசையும் மிரட்டலும் வந்தால் அது கருத்து வேறுபாடே அல்ல, பொறுத்துக்கொள்ளாதீர்கள். தேதியும் அனுப்பியவர் எண்ணும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகே அட்மினை அழிக்கச் சொல்லுங்கள். மிரட்டல் என்றால் அந்த நகலோடு நேரே காவல் நிலையம் போங்கள்.