நர்சம்மாவைக் கேளுங்கள்: டீசல் வாசனை

கேள்வி: நர்சம்மாவுக்கு வணக்கம். எங்களுக்குப் பாம்பன் பக்கம் ஒரு கடலோரக் கிராமம். வீட்டுக்காரருக்கு 34 வயது. நாட்டுப்படகில் நண்டு வலைக்குப் போவார். போன ஐப்பசியில் ஒரு ராத்திரி திடீரென்று காற்று எழுந்து படகு கவிழ்ந்துவிட்டது. படகில் இருந்தது அவரும் என் தம்பியும்தான். இவர் காலி டீசல் கேனைப் பிடித்துக்கொண்டு விடியும்வரை மிதந்திருக்கிறார். காலையில் வேறு படகுக்காரர்கள் தூக்கிக் கரை சேர்த்தார்கள். தம்பி மூன்றாம் நாள் ஒதுங்கினான். இப்போது மாசி. இவர் கடலுக்குப் போகவில்லை, கரைப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை. பஸ்ஸில் டீசல் வாசனை வந்தால் வேர்த்துக் கொட்டி, பாதி வழியில் இறங்கிவிடுகிறார். ராத்திரி இரண்டு மணிக்கு "பிடி, பிடி" என்று கத்திக்கொண்டு எழுகிறார். தூக்கம் வர வேண்டும் என்று குடிக்கிறார். "பயந்தாங்கொள்ளி, பொண்டாட்டி நண்டுக் கம்பெனிக்குப் போய்ச் சோறு போடுறா" என்று ஊரில் காதுபடவே பேசுகிறார்கள். "நான் எதுக்கும் லாயக்கில்லாதவன்" என்று அவரும் சொல்ல ஆரம்பித்துவிட்டார். மாமியார் ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப் போகலாம் என்கிறார். நான் என்ன செய்ய? (பெயர் வேண்டாம்)

பதில்: தாயி, முதலில் என் அம்மாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1964 டிசம்பர் 22 ராத்திரி, பாம்பனிலிருந்து போன ரயிலையே கடல் கொண்டுபோன அந்த ராத்திரி, நாங்கள் தனுஷ்கோடியில் இருந்தோம். எனக்கு மூன்று வயது, ஒன்றும் ஞாபகமில்லை. அம்மாவுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. ஆனால் ஒரு வார்த்தை பேசமாட்டார். ஒவ்வொரு மார்கழியிலும் வாடைக்காற்று கொஞ்சம் பலமாக வீசினால் போதும், ஒரு தூக்குவாளியில் இரண்டு படி அரிசி போடுவார். தீப்பெட்டியையும் ரேஷன் கார்டையும் பிளாஸ்டிக் பையில் சுற்றி அரிசிக்குள் புதைப்பார். வாளியை வாசல்படியில் வைத்துக்கொண்டு விடியவிடிய உட்கார்ந்திருப்பார். "அம்மாவுக்குப் புயல் பைத்தியம்" என்று நாங்கள் சிரிப்போம். நர்சிங் படித்து முடித்த பிறகும் நான் சிரித்திருக்கிறேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

உங்கள் வீட்டுக்காரருக்கு இருப்பதும் அந்த வாளிதான். உயிர் போகிற ஆபத்தில் மாட்டிய உடம்பு, அந்த நேரத்து வாசனை, சத்தம், இருட்டு எல்லாவற்றையும் "இது வந்தால் ஓடு" என்று குறித்து வைத்துக்கொள்கிறது. கரைக்கு வந்து நாலு மாதமாகியும் டீசல் வாசனை வந்ததும் உடம்பு திரும்ப நடுக்கடலுக்குப் போய்விடுகிறது. வேர்ப்பதும் நெஞ்சு அடித்துக்கொள்வதும் அதனால்தான். இதற்கும் தைரியத்துக்கும் சம்பந்தமில்லை. வியட்நாம் போருக்குப் போய் வந்த அமெரிக்கச் சிப்பாய்களிடம் இதையே பார்த்துவிட்டுத்தான் 1980-ல் அந்த ஊர் மனநல மருத்துவர்கள் பி.டி.எஸ்.டி. (பேரதிர்ச்சிக்குப் பிறகு வரும் மனநோய்) என்று பெயர் வைத்து நோய்ப் பட்டியலில் சேர்த்தார்கள். துப்பாக்கி பிடித்தவனுக்கே வந்தது என்று ஊர்க்காரர்களிடம் சொல்லுங்கள். ஆபத்துக்குப் பிறகு முதல் சில வாரம் பலருக்கும் இப்படி இருந்து, தானாகவே சரியாகிவிடும். ஒரு மாதம் தாண்டியும் விடாமல் இருந்தால் வைத்தியம் வேண்டும். வைத்தியம் இருக்கிறது.

ராத்திரி அவர் கத்தினால் தொட்டு உலுக்காதீர்கள். அந்த நிமிஷம் அவர் தண்ணீரில் இருக்கிறார், உங்கள் கையை எதுவாக நினைப்பார் என்று சொல்ல முடியாது. லைட்டைப் போடுங்கள். நாலடி தள்ளி நின்று பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். "நம்ம வீடு. இன்னைக்கு வெள்ளிக்கிழமை. நான் இருக்கேன், பிள்ளை தூங்குது" என்று மெதுவாகச் சொல்லுங்கள். காலைத் தரையில் ஊன்றச் சொல்லுங்கள். சிமெண்ட் தரையின் குளிர்ச்சி உள்ளங்காலில் பட்டால் பாதி விழிப்பு வந்துவிடும். என்ன கனவு என்று அப்போது கேட்கவேண்டாம். நாலு பேர் சுற்றி உட்கார்ந்து "என்ன நடந்துச்சு, மனசுல வச்சுக்காம கொட்டிரு" என்று பிடுங்குகிற பழக்கம் நம் பக்கம் உண்டு. நல்ல மனசோடுதான் செய்கிறார்கள், ஆனால் அதனால் பிரயோஜனமில்லை. அவராக வாய் திறந்தால் கேளுங்கள், போதும்.

குடி விஷயம். குடித்தால் தூக்கம் வருவது நிஜம்தான். ஆனால் போதை இறங்கும்போது தூக்கம் கலைந்து கனவு இன்னும் மூர்க்கமாக வரும். தினமும் நிறையக் குடிப்பவர் என்றால் ஒரே நாளில் நிறுத்தச் சொல்லிச் சத்தியம் வாங்காதீர்கள். கை நடுக்கம், வலிப்பு வரை போகும். டாக்டரிடம் சொல்லித்தான் நிறுத்த வேண்டும். மெடிக்கலில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுப்பதும் வேண்டாம்.

ஏர்வாடிக்குப் போங்கள், துவா கேளுங்கள், மாமியார் மனசும் ஆறட்டும். எல்லா மதத்துக்காரர்களும் போகிற இடம்தானே. ஆனால் அங்கேயே விட்டுவிட்டு வராதீர்கள். 2001 ஆகஸ்டில் அந்த ஊரில் ஒரு தனியார் காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டிக்கிடந்த 28 பேர் ஓட வழியில்லாமல் கருகிப்போனார்கள். மனநோயாளியைச் சங்கிலியில் கட்டக்கூடாது என்று 2017-ஆம் வருஷச் சட்டமே சொல்கிறது. துவாவை முடித்துக்கொண்டு பஸ் ஏறி ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வந்து மனநலப் பிரிவில் காட்டுங்கள். (டீசல் வாசனைக்கு ஜன்னல் ஓர சீட். கையில் ஒரு எலுமிச்சம்பழம் கொடுங்கள், கீறி முகரட்டும்.) செர்ட்ராலின் மாதிரி மாத்திரை எழுதினால் நாலாறு வாரம் பொறுக்க வேண்டும், பத்து நாளில் "ஒண்ணும் கேக்கலை" என்று விட்டுவிடாதீர்கள். மாத்திரையை விடப் பெரிய வைத்தியம் பேச்சு வைத்தியம். இதில் பயிற்சி எடுத்தவர் ஒருவர் பக்கத்தில் இருக்க, அந்த ராத்திரியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பத் தொடுவது. முதலில் முற்றத்தில் வலை, அப்புறம் தூரத்திலிருந்து கரை, அப்புறம் ஈர மணல். எப்போது, எவ்வளவு என்பதை அவர் சொல்ல வேண்டும். "வா, ஒரு தடவை கடலுக்குப் போனா எல்லாம் சரியாயிரும்" என்று மச்சான்மார் யாராவது படகில் இழுத்துப் போட்டால் தடுத்து நிறுத்துங்கள்.

"அவனோட நானும் போயிருக்கணும்" என்கிற மாதிரி பேச்சு வந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள். தனியாக விடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

இனி, நீங்கள் எழுதாமல் விட்டது. செத்தது உங்கள் தம்பி. இத்தனை பெரிய கடிதத்தில் அவனுக்கு இரண்டு வரிதான் கொடுத்திருக்கிறீர்கள். வீட்டுக்காரர் ராத்திரி "பிடி" என்று கத்துவது யாரைப் பார்த்து என்று உங்களுக்குத் தெரியாதா? தம்பி கையைப் பிடித்திருந்திருப்பார், ஒரு கட்டத்தில் கை நழுவியிருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தண்ணீர் உடம்புச் சூட்டைக் காற்றைவிட இருபத்தைந்து மடங்கு வேகத்தில் உறிஞ்சும். மணிக்கணக்கில் ஊறி விரல் மரத்துப்போனால், மனசு பிடி பிடி என்றாலும் கை பிடிக்காது. இது நர்சுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அவர் உங்கள் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் தம்பி முகம் தெரியும். நீங்களோ அவருக்காக அழுகையை விழுங்கிக்கொண்டு நண்டு உடைக்கப் போகிறீர்கள். "உங்க தப்பில்ல" என்று நூறு தடவை சொன்னாலும் அவர் நம்பமாட்டார். நானும் எத்தனையோ பேரிடம் சொல்லிப் பார்த்தவள்தான். அதற்குப் பதிலாக ஒரு நாள், அவர் குடிக்காத ஒரு சாயங்காலம், தம்பியின் சின்ன வயசுச் சேட்டை ஒன்றைச் சொல்லி அவர் முன்னாலேயே அழுதுவிடுங்கள்.

கேள்வி: பி.ஏ. இரண்டாம் வருஷம் படிக்கிறேன். அம்மா தீவுக்குப் போய்க் கடற்பாசி எடுப்பவர். கல்லூரிக்கு அம்மா வந்தால் விரலில் சுற்றிய துணியையும் வாசனையையும் பார்த்துக் கூசுகிறேன். அப்புறம் அப்படிக் கூசியதற்காக என்னையே வெறுக்கிறேன். தன்மதிப்பு வளர என்ன செய்வது? (மாணவி, மண்டபம்)

பதில்: 1965-ல் ரோசன்பெர்க் என்கிற அமெரிக்கச் சமூகவியலாளர் தன்மதிப்பை அளக்கப் பத்து வாக்கியங்கள் எழுதி வைத்தார். இன்றைக்கும் புழங்குகிறது. மார்க்கு, நிறம், அப்பா அம்மா தொழில் எதுவும் அந்தப் பத்தில் கிடையாது. கூச்சம் உங்களிடம் பிறந்ததில்லை, வகுப்பில் யாரோ மூக்கைச் சுளித்து ஒட்டவிட்டது. வந்தால் வரட்டும், அதற்காக உங்களைத் திட்டிக்கொள்ள வேண்டாம். ஒரு லீவு நாளில் அம்மா தண்ணீருக்குள் மூச்சடக்கி எத்தனை எண்ணும்வரை இருக்கிறார் என்று கரையில் நின்று எண்ணிப் பாருங்கள். பிறகு நீங்கள் அடக்கிப் பாருங்கள். அடுத்த கடிதத்தில் இரண்டு எண்ணிக்கையையும் எழுதுங்கள்.

கேள்வி: 14416-க்குப் பேசினால் ஊருக்குத் தெரிந்துவிடுமா? (தொண்டி வாசகர்)

பதில்: தெரியாது. அது டெலி மானஸ் என்கிற மனநல உதவி எண், 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது. காசில்லை, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். வீட்டில் ஆள் இருந்தால் மாடிக்குப் போய்ப் பேசுங்கள், அவ்வளவுதான்.