“பிறகு ஏற்றிக்கலாம்” என்று கடையில் சொன்னால் நம்பலாமா? – நுகர்வோர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மெல்லிய லேப்டாப் பற்றியவை. திரை கண்ணைப் பறிக்கிறது, டிஸ்க் மட்டும் நிரம்பிவிட்டது என்பதுதான் பலருக்கும் குறை. நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன்.

கல்யாணம், சர்ச் திருவிழா வீடியோ எடுக்கிறேன். செகண்ட் ஹேண்டில் வாங்கிய 2015 மாடல் 15 இன்ச் ரெட்டினா மேக்புக் ப்ரோ வைத்திருக்கிறேன். 256 ஜிபி நிரம்பிவிட்டது. திரை அருமை என்பதால் விற்க மனசில்லை. டிஸ்க்கை மாற்ற முடியுமா? – வாசகர், தங்கச்சிமடம்

முடியும். கையைக் கட்டிப்போடாத கடைசி மேக்புக் ப்ரோக்களில் ஒன்று உங்களுடையது. உள்ளே டிஸ்க்காக இருக்கும் எஸ்.எஸ்.டி. (சிப்பில் தகவலைச் சேமிப்பது) தனிப் பலகையாகத்தான் இருக்கிறது, கழற்றி மாட்டலாம். ஆனால் அதைச் செருகும் முனை ஆப்பிளுக்கே உரியது. கடையில் கிடைக்கும் சாதாரண எம்.2 என்விஎம்இ டிஸ்க் (மெல்லிய பட்டை வகை எஸ்.எஸ்.டி.) நேராக உட்காராது, நடுவே ஒரு சின்ன அடாப்டர் வேண்டும். பழைய டிஸ்க்கைக் கழற்றுவதற்கு முன்பே மெஷினில் ஹை சியரா அல்லது அதற்குப் பிந்தைய மேக்ஓஎஸ் ஏறியிருக்க வேண்டும், ஏனென்றால் அதோடு சேர்ந்துதான் ஃபர்ம்வேர் (மெஷினின் அடிப்படை மென்பொருள்) புதுப்பிக்கப்படுகிறது. அது இல்லாவிட்டால் புது டிஸ்க்கை மெஷின் கண்டுகொள்ளாது. மேக்கிலேயே உள்ள ‘டைம் மெஷின்’ மென்பொருளில் முழு பேக்கப் எடுத்த பிறகே திருகில் கை வையுங்கள்.

அடித்தட்டில் ஐந்து இதழ் கொண்ட சின்னத் திருகுகள் பத்து இருக்கும். அதற்குரிய திருப்புளியை வாங்கிவிடுங்கள், கத்தி முனை வேண்டாம். மூடியைத் திறந்ததும் முதல் வேலை பேட்டரி இணைப்பைப் பிரிப்பது. டிஸ்க்கைப் பிடித்திருப்பது ஒரே ஒரு திருகுதான். நண்பரின் மெஷினில் நான் இதைச் செய்தபோது இரண்டு மணி நேரம் டிஸ்க் தெரியவே இல்லை. அடாப்டரின் தங்க நிறப் பற்கள் நகக்கண் அளவு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அழுத்தி உள்ளே தள்ளியதும் வந்துவிட்டது. பற்கள் கண்ணுக்குத் தெரியாமல் முழுவதும் மறைய வேண்டும்.

ராம் (வேலை நடக்கும்போது பயன்படும் மெமரி) 16 ஜிபி. அதைத் தொட முடியாது. மேக்ஓஎஸ்ஸும் மான்டரே பதிப்போடு நின்றுவிடும். எனவே இந்த மெஷினில் பெரிய பணத்தைக் கொட்டாதீர்கள். 1 டிபி போதும்.

இன்னொன்றை இன்றைக்கே பாருங்கள். முக்கியமாக 2015 செப்டம்பர் முதல் 2017 பிப்ரவரி வரை விற்ற இந்த 15 இன்ச் மாடல் சிலவற்றில் பேட்டரி அளவுக்கு மீறிச் சூடாகித் தீப்பிடிக்கலாம் என்று 2019 ஜூனில் ஆப்பிளே திரும்ப அழைத்தது. செகண்ட் ஹேண்டில் விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. சீரியல் நம்பரை ஆப்பிள் தளத்தில் போட்டுச் சரிபாருங்கள்.

மெமரி கார்டு துளையில் 256 ஜிபி கார்டைச் செருகி டிஸ்க்காகப் பயன்படுத்தலாமா? – உச்சிப்புளி

பாட்டு, பிடிஎஃப் வைக்கலாம். வீடியோ எடிட்டிங்குக்கு ஆகாது.

புது எஸ்.எஸ்.டி. வாங்கிப் பெட்டியைப் பிரித்துவிட்டேன். என் மெல்லிய லேப்டாப்பில் அது உட்காரவே இல்லை. கடைக்காரர் திரும்ப எடுக்க மறுக்கிறார். – பெரியபட்டினம்

நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது இரண்டரை இன்ச் டிஸ்க், 7 மில்லிமீட்டர் தடிமன். உங்கள் லேப்டாப்பில் இருப்பது சூயிங்கம் பட்டை போன்ற எம்.2 டிஸ்க்குக்கான துளை. லேப்டாப் மாடல் பெயரைக் கடையில் சொன்னீர்களா என்று பதில் எழுதிக் கேட்டேன், இல்லை என்றீர்கள். சட்டைத் துணி எடுக்கப் போனால்கூட அளவு சொல்கிறோம்! கடைக்காரர் மேல் குறை சொல்ல எனக்கு வழியில்லை.

பணம் வீணாகவில்லை. யுஎஸ்பி கேஸ் ஒன்று வாங்கி அதற்குள் போட்டால் நல்ல வெளி டிஸ்க் ஆகிவிடும். உள்ளே மாட்ட எம்.2 வாங்கும்போது நீளம் (30, 42 அல்லது 80 மில்லிமீட்டர்), தகவல் போகும் முறை சாட்டாவா என்விஎம்இயா என்ற இரண்டையும் பார்த்து எழுதிக்கொண்டு போங்கள். பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். மாற்றி வாங்கினால் வேலை செய்யாது.

நான் விசைப்படகில் கடலுக்குப் போகிறவன். மகள் கல்லூரியில் கடைசி வருடம். கடல்பாசி எடுக்கும் பெண்களைப் பற்றி ஆய்வு செய்கிறாள். லேப்டாப்பில் இடமில்லை என்று ஆன்லைனில் ‘2 டிபி’ பென் டிரைவ் மிகக் குறைந்த விலையில் வாங்கினாள். நாலு மாதப் படங்கள் அதில். இப்போது பேர் தெரிகிறது, படம் திறக்கவில்லை. பிள்ளை சாப்பிடாமல் கிடக்கிறாள். – பாம்பன்

அய்யா, முதலில் உங்கள் மகளிடம் சொல்லுங்கள்: தப்பு அவள் மேல் இல்லை. இது திட்டமிட்ட மோசடி.

அந்தப் பென் டிரைவுக்குள் உண்மையில் 32 அல்லது 64 ஜிபிதான் இருக்கும். உள்ளே இருக்கும் கன்ட்ரோலர் சிப்பைத் திருத்தி, 2 டிபி என்று கம்ப்யூட்டரிடம் பொய் சொல்ல வைத்திருப்பார்கள். முதலில் போட்டவை ஒழுங்காகத் திறக்கும், அதனால் நம்பிக்கை வந்துவிடும். உண்மையான இடம் தீர்ந்த பிறகு போடுகிறவை ஒன்று காற்றில் போகும், இல்லாவிட்டால் பழையவற்றின் மேலேயே எழுதப்படும். பெயர்ப் பட்டியல் மட்டும் மிஞ்சும்.

நானும் இதில் ஏமாந்திருக்கிறேன். ரயில் நிலைய வாசலில் வாங்கிய ஒரு பென் டிரைவில் அக்கா மகளின் காதுகுத்துப் படங்களைப் போட்டுவைத்தேன். இன்றுவரை அக்கா கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

இப்போது செய்ய வேண்டியது இதுதான். அந்தப் பென் டிரைவில் இனி எதையும் போடாதீர்கள், ஃபார்மேட் செய்யாதீர்கள். படம் எடுத்த கேமராவின் கார்டும் போனும் மகளிடம்தானே இருக்கின்றன? அவற்றில் புதுப் படம் எடுப்பதை உடனே நிறுத்தச் சொல்லுங்கள். அழித்த படம் கார்டில் அப்படியே கிடக்க வாய்ப்புண்டு. ‘ஃபோட்டோரெக்’ என்ற இலவச மென்பொருளைக் கல்லூரியில் கம்ப்யூட்டர் தெரிந்தவரிடம் கொடுத்து, முதலில் கேமரா கார்டில் தேடச் சொல்லுங்கள். போலி பென் டிரைவைவிட அதில்தான் எனக்கு நம்பிக்கை அதிகம்.

பணத்துக்கு: ஆர்டர் விவரம், விளம்பரத்தில் 2 டிபி என்று போட்டிருக்கும் பக்கம், பணம் கட்டிய ரசீது, மூன்றையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொண்டு 1915-க்கு போன் செய்யுங்கள். அது தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். அவர்கள் விற்றவரிடம் கேட்பார்கள். தீராவிட்டால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது ராமநாதபுரம் நுகர்வோர் ஆணையத்திலேயே, வழக்குப் போடலாம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும் சரி. 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை.

மற்றவர்களுக்கு: புது பென் டிரைவோ கார்டோ வாங்கினால் படம் போடுவதற்கு முன் விண்டோஸில் ‘எச்2டெஸ்ட்டபிள்யூ’ (H2testw), மேக்கில் ‘எஃப்3’ (F3) என்ற மென்பொருளை ஓட்டுங்கள். முழுவதும் எழுதித் திரும்பப் படித்துப் பார்த்து உண்மை அளவைச் சொல்லிவிடும்.

வெளி எஸ்.எஸ்.டி. வாங்கினேன். பெட்டியில் 1000 எம்பி வேகம் என்று இருக்கிறது. எனக்கு 40 எம்பிதான் வருகிறது. போலியா? – ராமேஸ்வரம்

போன் சார்ஜர் கேபிளில் மாட்டியிருக்கிறீர்கள். டைப்-சி முனை ஒன்றுதான், உள்ளே ஓடும் கம்பிகள் வேறு. சார்ஜர் கேபிள் பலவும் யுஎஸ்பி 2.0 வேகத்தில்தான் தகவல் அனுப்பும், அது கொடுப்பது அந்த நாற்பதுதான். டிஸ்க்கோடு வந்த குட்டிக் கேபிளை எடுத்து மாட்டுங்கள்.

எல்லாவற்றையும் கிளவுடில் போட்டால் டிஸ்க்கே வேண்டாமே? – தேவிபட்டினம்

உங்கள் இணையத்தின் அப்லோடு வேகம் 10 எம்பிபிஎஸ் (நொடிக்கு 10 மெகாபிட்) என்று எழுதியிருக்கிறீர்கள். 1 டிபி ஏற இரவு பகல் நிற்காமல் ஒன்பது நாளுக்கு மேல் ஆகும். நடுவில் கரண்ட் போகக் கூடாது.

மகன் இன்ஜினியரிங் சேர்ந்தபோது மெல்லிய லேப்டாப் வாங்கினோம். 16 ஜிபி ராம் கேட்டோம். “இப்போ எட்டு போதும்க்கா, பிறகு ஏற்றிக்கலாம்” என்றார் கடைக்காரர். இப்போது ராம் பலகையிலேயே ஈயத்தால் பற்றவைத்தது, ஏற்றவே முடியாது என்கிறார்கள். பதினான்கு மாதம் ஆகிறது. – ஆசிரியை, தொண்டி

இந்த ஒரு வாக்கியத்தை எத்தனை கடிதத்தில் படித்துவிட்டேன்! 2014-இல் எனக்கும் இதையேதான் சொன்னார்கள். நல்ல திரை, விரலளவு தடிமன், 4 ஜிபி ராம். பிறகு ஏற்றிக்கலாம் என்றார்கள். மூன்றாம் வருடம் ராம் துண்டு ஒன்றை வாங்கிக்கொண்டு போய், மூடியைத் திறந்து பார்த்தால் செருகத் துளையே இல்லை. பச்சைப் பலகையில் நாலு கறுப்புச் சதுரங்கள் ஈயத்தால் ஒட்டிக் கிடந்தன. வாங்கிய ராம் துண்டு இன்னும் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

2012 ஜூனில் முதல் ரெட்டினா மேக்புக் ப்ரோ வந்தது. 2880-க்கு 1800 புள்ளித் திரை, 1.8 சென்டிமீட்டர் தடிமன். மேக்புக் ப்ரோ வரிசையில் ராமை மதர்போர்டிலேயே பற்றவைத்தது அதில்தான். 2016-இல் டச் பார் மாடல் வந்தபோது டிஸ்க்கையும் பற்றவைத்துவிட்டார்கள். விண்டோஸ் பக்கமும் மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ராம் இப்படித்தான், டிஸ்க் மட்டும் பெரும்பாலும் தப்பித்திருக்கிறது. இதற்குத் தொழில்நுட்பக் காரணம் உண்டு. குறைந்த மின்சாரத்தில் ஓடும் எல்பிடிடிஆர் ராம், பிராசஸருக்கு மிக அருகே இருந்தால்தான் ஒழுங்காக ஓடும். துளை வைத்தால் உயரமும் கூடும். அதையும் கழற்றி மாட்டும்படி செய்ய முடியும் என்று 2024-இல் லெனோவோ திங்க்பேட் பி1-இல் எல்பிகேம்2 என்ற கழற்றும் ராம் பலகையை வைத்துக் காட்டிவிட்டார்கள். ஆக, மெல்லியதாக இருந்தால் மாற்ற முடியாது என்பது விதியல்ல.

பற்றவைப்பது கம்பெனியின் முடிவு, அது ஸ்பெக் தாளில் இருக்கிறது. என் கோபம் அதை மறைத்து விற்பவர் மேல்தான். கடையில் 16 ஜிபி மாடல் இருப்பில் இல்லை, எட்டுதான் இருக்கிறது. வாடிக்கையாளர் எழுந்து போய்விடக் கூடாது. அதற்காக ஒரு ஆசிரியை மாதத் தவணையில் வாங்கும் பொருளில் பொய் சொல்வது எந்த நியாயம்?

வாங்குமுன் கடையிலேயே பார்க்க வழி உண்டு. விண்டோஸ் லேப்டாப்பை ஆன் செய்யச் சொல்லி, டாஸ்க் மேனேஜரில் ‘பெர்ஃபார்மன்ஸ்’, அதில் ‘மெமரி’ திறங்கள். ‘ஃபார்ம் ஃபேக்டர்’ என்ற இடத்தில் ‘எஸ்ஓடிம்’ (SODIMM) என்று இருந்தால் கழற்றலாம். ‘ரோ ஆஃப் சிப்ஸ்’ (Row of chips) என்றால் பற்றவைத்தது. அப்புறம் பில்லிலேயே “ராம் கூட்டலாம்” என்று எழுதித் தரச் சொல்லுங்கள். உண்மையென்றால் எழுதித் தர என்ன தயக்கம்?

டீச்சர், உங்கள் விஷயத்தில் வாய்ச்சொல்லை நிரூபிப்பது கஷ்டம். ஆனால் கடைக்காரரோடு வாட்ஸ்அப்பில் பேசியிருப்பீர்களே, அதைத் தேடுங்கள். ஒரு வரி கிடைத்தாலும் போதும். பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். இரண்டு வருடத்துக்குள் ஆணையத்துக்குப் போக உங்களுக்கு உரிமை இருக்கிறது, நாள் மிச்சமிருக்கிறது. எழுதத் தெரியவில்லை என்றால் விவரங்களை எனக்கு அனுப்புங்கள், நோட்டீஸை நான் எழுதித் தருகிறேன். சிப்பைப் பிரித்து வேறு ஒட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். இருக்கிற மெஷினும் போய்விடும்.

கடற்கரையிலிருந்து இருநூறு அடியில் வீடு. ஒன்றரை வருட லேப்டாப் திடீரென்று நின்றது. தண்ணீர் பட்டிருக்கிறது, வாரண்டி கிடையாது என்கிறார்கள். சத்தியமாகத் தண்ணீர் படவில்லை. – மண்டபம்

நம்புகிறேன். இப்படி ஒரு பலகையை லென்ஸ் வைத்துப் பார்த்திருக்கிறேன். ஃபேன் பக்கத்தில் செம்பு பச்சை பூத்திருந்தது, திருகுத் தலைகள் சிவந்திருந்தன, சார்ஜர் துளையின் ஓரத்தில் வெள்ளைப் பொடி. உப்புத்துகள் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து உப்புநீர்ப் படலமாகிறது, அதில் கரண்ட் ஓடினால் செம்பு கரைகிறது. பழைய பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்த வைத்ததும் இதே உப்புக்காற்றின் துருதான்.

அரிப்பை வாரண்டி ஏற்காது என்பது உண்மை. ஆனால் “தண்ணீர் ஊற்றியது” வேறு, காற்றால் அரித்தது வேறு. எந்த இடத்தில் சேதம் என்று படத்தோடு எழுத்தில் தரச் சொல்லிக் கேளுங்கள். டிஸ்க் தனியாகக் கழலும் மாடல் என்றால் அதை உடனே எடுத்து யுஎஸ்பி கேஸில் போட்டுப் பாருங்கள், தகவல் பெரும்பாலும் பிழைத்திருக்கும். அடுத்த லேப்டாப்பை ஜன்னலோரம் வைக்காதீர்கள். சோழகக் காற்று அடிக்கும் மாதங்களில் வேலை முடிந்ததும் சிலிக்கா ஜெல் பையோடு மூடிய டப்பாவில் வையுங்கள். அரிசியில் புதைக்காதீர்கள், மாவு உள்ளே போகும்.

மச்சான் துபாயிலிருந்து வருகிறார். 256 ஜிபி மேக்புக் ஏர் வாங்கிவரச் சொல்லியிருக்கிறேன். இங்கே வந்தபின் 1 டிபி ஆக்கிக்கொள்ளலாம்தானே? – கீழக்கரை

முடியாது. டிஸ்க், ராம் இரண்டும் பற்றவைத்தவை. 512-ஆவது சொல்லுங்கள். அங்கே கீபோர்டில் அரபி எழுத்தும் இருக்கும், வேண்டாம் என்றால் ஆங்கிலம் மட்டும் உள்ளதைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். பதினெட்டு வயதான பயணி ஒரு லேப்டாப்பை வரியில்லாமல் கொண்டுவரலாம். பில்லைப் பெட்டியோடு பத்திரமாக எடுத்துவரட்டும். இன்னும் வாங்கவில்லை என்றால் இதைப் படித்த கையோடு மச்சானுக்கு போன் போடுங்கள்.