சானல்கரைப் பாதைக்குப் பூட்டு: முதலில் சர்வே எண்

வணக்கம் ஐயா. திருவட்டாறு பக்கம் ஊரார் காலையில் நடக்கும் சானல்கரைப் (பாசனக் கால்வாய்க் கரை) பாதையை அடுத்த தோட்டக்காரர் இரும்புக் கேட் போட்டுப் பூட்டிவிட்டதாக எழுதியிருந்தீர்கள். படித்ததும் மனம் கனத்தது.

அவரிடம் வாக்குவாதத்துக்குப் போவதற்கு முன், அந்த இடத்தின் அ-பதிவேட்டையும் (சர்வே எண் வாரியாக நிலத்தின் வகையைச் சொல்லும் வருவாய்த்துறைப் பதிவேடு) புலப்படத்தையும் (நிலத்தின் எல்லைகளைக் காட்டும் அளவை வரைபடம்) தமிழக அரசின் இணையவழி நிலச் சேவைத் தளத்தில் எடுத்து, கரை புறம்போக்காகப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் ஊர்ப் பாதைக்காக ஐம்பது பேர் கையெழுத்திட்டுக் கொடுத்த மனு, சர்வே எண் இல்லை என்ற ஒரே காரணத்தால் திரும்பி வந்தது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

புறம்போக்கு என்றால், நீர்வளத்துறைக்கும் திங்கள்கிழமை நாகர்கோவிலில் ஆட்சியர் நடத்தும் குறைதீர் கூட்டத்திலும் சர்வே எண்ணைக் குறிப்பிட்டு மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டைக் கட்டாயம் வாங்கிக்கொள்ளுங்கள். பொதுவழியை மறிக்கும் தடையை அகற்ற பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 152-ஆம் பிரிவின்கீழ் உத்தரவிடும் அதிகாரம் கோட்ட நடுவருக்கு (சப்-டிவிஷனல் மாஜிஸ்திரேட்) உண்டு என்பதால், பத்மநாபபுரம் கோட்ட அலுவலகத்துக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். பட்டா நிலம் என்று தெரிந்தால் வழி வேறு. அப்போது வழக்கறிஞரைப் பார்ப்பதே நல்லது.

படங்களும் எடுத்து வையுங்கள். பூட்டு மட்டும் போதாது. கேட்டுக்கு அப்பால் தெரியும் படித்துறையில், துவைத்துத் துவைத்து நடுவில் குழிந்துபோன கருங்கல்லையும் எடுங்கள், ஏனெனில் ஊரின் நெடுநாள் புழக்கத்துக்கு அது கண்கண்ட சாட்சி.