"என்மேல நம்பிக்கை இல்லையா அக்கா?"

கேள்வி: போடியில் வசிக்கிறேன். கேரளத்து வண்டன்மேடு பக்கம் இரண்டு ஏக்கர் ஏலக்காய்த் தோட்டம் வாங்க என் கணவர் ஆசைப்படுகிறார். என் நகையை அடகு வைத்துத்தான் அட்வான்ஸ் கொடுக்க வேண்டும். பத்திரத்தைப் பற்றி நான் எது கேட்டாலும் தரகர் ஒரு பதில் சொல்லி வாயை அடைத்துவிடுகிறார். கேட்கும்போது சரியாகத்தான் படுகிறது, மனசு ஒப்பவில்லை. அவர் பேச்சில் ஓட்டை எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: தரகர் சொன்னதையெல்லாம் அப்படியே எழுதி அனுப்பியது நல்லதாயிற்று. நீங்கள் கேட்டது நிலத்தைப் பற்றி. அவர் பதிலில் பாதிக்கு மேல் ஆட்களைப் பற்றியே இருக்கிறது. உங்கள் தெருவில் நாலு பேர் வாங்கிவிட்டார்களாம். அதனால் இந்தப் பத்திரம் சுத்தமாகிவிடுமா? இன்றைக்கு அட்வான்ஸ் போடாவிட்டால் கோட்டயத்துக்காரர் முடித்துவிடுவாராம். காகிதத்தைப் பார்த்துவிட்டு நாளைக்குப் போடுவது என்று ஒரு வழி இருப்பதை அவர் சொல்லவே இல்லை. "வில்லங்கம் இருக்குன்னு நீங்க காட்டுங்க" என்கிறார். விற்க வந்தவர்தான் இல்லை என்று காட்ட வேண்டும். ஏலக்காய் விலையையும் காட்டுகிறார். 2019இல் புற்றடி ஏலச் சந்தையில் கிலோ 7,000 ரூபாய் வரை போனது உண்மை. 2022இல் சராசரி விலை ஆயிரத்துக்கும் கீழே கிடந்ததும் உண்மை. அதை ஏன் விட்டார்?

இவற்றைவிட ஆபத்தானது, "கரம் அடைச்ச ரசீது இருக்கு, அப்புறம் என்ன?" என்பது. நிலவரி கட்டிய ரசீதைத்தான் அப்படிச் சொல்கிறார். மலையாளத்தில் அச்சடித்த அந்த ரசீதின் ஜெராக்ஸை நீட்டியதும் உங்கள் கணவர் அடங்கிப்போனார் என்று எழுதியிருக்கிறீர்கள். மணிமேகலையின் 29ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் புகையையும் நெருப்பையும் வைத்துத் தர்க்கம் சொல்லித்தருகிறார்: மலையில் புகை தெரிந்தால் அங்கே நெருப்பு உண்டு என்று சொல்லலாம். அதைத் திருப்பிப் போட்டு, நெருப்பு இருக்கிற இடமெல்லாம் புகையும் என்று சொல்ல முடியாது. தணலில் புகை ஏது? சொந்தக்காரர் வரி கட்டுவார் என்பதால், வரி கட்டுகிறவரெல்லாம் சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார். வரி ரசீது உரிமைக்கு ஆதாரம் ஆகாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டன. இருந்தும் மலையடிவாரத்தில் இந்த ரசீதைக் காட்டித்தான் வியாபாரம் நடக்கிறது.

சரி, தரகரின் கமிஷனைப் பற்றி நீங்கள் கேட்டதும், "ஆளைப் பார்க்காதீங்க, விஷயத்தைப் பாருங்க" என்று அவர் மடக்கினாராமே. பொதுவாக அது நல்ல விதி. சொல்கிறவர் யாராக இருந்தாலும் சொன்னதைத்தான் எடைபோட வேண்டும். ஆனால் "நான் பார்த்துட்டேன், எல்லாம் கிளியர், என்னை நம்புங்க" என்று சொன்ன நிமிடமே அவர் தன்னைத்தான் சாட்சியாக நிறுத்துகிறார். சாட்சிக்கு இதில் என்ன லாபம், ரெண்டு பக்கமும் கமிஷன் உண்டா என்று கேட்பது குறுக்குவாதம் ஆகாது, அவமரியாதையும் ஆகாது. அதே சமயம், கமிஷன் வாங்குகிறார் என்பதாலேயே அவர் பொய் சொல்கிறார் என்றும் முடிவு கட்டாதீர்கள். அப்படிச் செய்தால் அதே தப்பை நீங்கள் செய்கிறீர்கள். காகிதம் வந்துவிட்டால் அவரை நம்புவதா வேண்டாமா என்ற கேள்வியே எழாது.

பேச்சில் ஓட்டையைக் கண்டுபிடிக்கும் இந்த லாஜிக், அந்தக் காலத்து இண்டர்மீடியட்டில் ஒரு விருப்பப் பாடமாக இருந்தது. இன்று பன்னிரண்டு வருஷம் படிக்கிற பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது தனிப் பாடமாக இல்லை. வருவாய் அலுவலகத்தில் ஒரு சாதாரண சந்தேகத்துக்கு நாலு ஜன்னல் ஏறி இறங்க விட்டால், அதுவும் தெரியாத பாஷையில், ஜனங்கள் தரகரிடம் போகாமல் என்ன செய்வார்கள்?

கணவரோடு வாதாட வேண்டாம். "தரகர் சொன்னதில் எது நான் கேட்டதற்குப் பதில்?" என்று மட்டும் கேளுங்கள். ஏலக்காய் பயிரிட அரசு குத்தகைக்கு விட்ட நிலம் அந்தப் பக்கம் நிறைய உண்டு. அதனால் இது பட்டயம் (அரசு கொடுத்த உரிமைப் பத்திரம்) உள்ள இடமா, குத்தகைப்பாட்டமா (அரசின் குத்தகை நிலம்) என்று தரகரை எழுதித்தரச் சொல்லுங்கள். தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று இரண்டின் நகலையும் வாங்கி, மலையாளம் படிக்கத் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் காட்டுங்கள். அந்த வக்கீலைத் தரகர் கூட்டிவரக் கூடாது, நீங்களே தேடிப் போக வேண்டும். அவர் பார்த்துச் சொல்லும்வரை நகை பீரோவிலேயே இருக்கட்டும்.