கேள்வி நேரம்: நெட்வொர்க் கார்டு

கே: வொர்க்ஸ்டேஷனுக்கு 10 கிகாபிட் நெட்வொர்க் கார்டு வாங்கியிருக்கிறேன். கிராபிக்ஸ் கார்டுக்குக் கீழே நீளமான ஸ்லாட் ஒன்று காலியாக இருக்கிறது. அதில் மாட்டினால் போதும்தானே?

ப: நீளத்தை நம்பாதீர்கள். பார்வைக்கு எக்ஸ் 16 அளவில், அதாவது பதினாறு லேன் (தரவு ஓடும் தடம்) கொள்ளும் நீளத்தில் இருக்கும் இரண்டாவது ஸ்லாட்டுக்குள் பெரும்பாலும் நான்கு லேன்தான் ஓடும். சில போர்டுகளில் ஒன்றே ஒன்று. மதர்போர்டு கையேட்டில் ஸ்லாட் அட்டவணையைப் பாருங்கள். எத்தனை லேன், எந்தத் தலைமுறை என்று எழுதியிருக்கும்.

கணக்கு எளிது. 10 கிகாபிட் என்றால் ஒரு திசையில் விநாடிக்கு 1250 மெகாபைட். இந்த ஸ்லாட்டுகளின் தரமான பிசிஐ எக்ஸ்பிரஸில், 2.0 தலைமுறையில் ஒரு லேன் 500 மெகாபைட் சுமக்கும், 3.0-இல் சுமார் 985. ஆக 3.0 தலைமுறைக் கார்டானாலும் ஒரு லேன் போதாது. பழைய சர்வரிலிருந்து கழற்றி விற்கும் கார்டுகளில் பல 2.0 தலைமுறை, எக்ஸ் 8 அளவு. அதை 4.0 ஸ்லாட்டில் மாட்டினாலும் 2.0 வேகத்தில்தான் பேசும். ஸ்லாட்டில் ஒரு லேன் மட்டும் இருந்தால் 500 மெகாபைட்டோடு நின்றுவிடும். நான்கு லேன் கிடைத்தால் ஒரு போர்ட்டுக்குத் தாராளம்.

இன்னொரு பொறியும் இருக்கிறது. சில போர்டுகளில் கீழ் ஸ்லாட்டும் எம்.2 எஸ்எஸ்டி இடமும் ஒரே லேன்களைப் பங்கு போடும். எஸ்எஸ்டியை மாட்டியதும் ஸ்லாட் செத்துவிடும். ‘கார்டே தெரியவில்லை’ என்று திருப்பி அனுப்பும் முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

1 கிகாபிட் கார்டுக்கு இந்தக் கவலை எதுவும் வேண்டாம். விநாடிக்கு 125 மெகாபைட்டுக்கு எந்த ஸ்லாட்டும் போதும். குட்டைக் கார்டை நீள ஸ்லாட்டில் மாட்டினால் எதுவும் கெடாது.

கே: கார்டைப் புதிதாக மாட்டுபவர் எதில் தவறுவார்? கேபினெட்டைத் திறக்கவே பயமாக இருக்கிறது.

ப: மூன்று இடங்களில். முதலாவது மின்சாரம். கணினியை ஷட்டவுன் செய்தாலும் ஸ்லாட்டில் ஸ்டாண்ட்பை மின்சாரம் இருக்கும். நெட்வொர்க் வழியே கணினியை எழுப்பும் ‘வேக் ஆன் லேன்’ வசதி வேலை செய்வதே அதனால்தான். எனவே பவர் கேபிளையே பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை ஐந்து விநாடி அழுத்துங்கள். மதர்போர்டில் சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தால் அது அணையும் வரை பொறுங்கள். பிறகு கேபினெட்டின் பெயின்ட் அடிக்காத உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு, கார்டை விளிம்பில் பிடித்து எடுங்கள். தங்க நிறப் பட்டையில் விரல் படக் கூடாது.

இரண்டாவது, பிராக்கெட்டின் நாக்கு. கார்டின் உலோகத் தகடு கீழே கூராக முடிகிறதல்லவா, அது மதர்போர்டுக்கும் கேபினெட் சுவருக்கும் நடுவிலுள்ள இடுக்கில் இறங்க வேண்டும். போர்டின் விளிம்பில் முட்டிக்கொண்டு நின்றால், எவ்வளவு அழுத்தினாலும் கார்டு முழுதாக உட்காராது. இரு முனைகளிலும் சமமாக அழுத்துங்கள். தங்கப் பட்டை ஸ்லாட்டுக்கு மேலே துளிகூடத் தெரியக் கூடாது, ஒரு பக்கம் சாய்ந்தும் தெரியக் கூடாது.

மூன்றாவது, ஸ்க்ரூ. அதைத் திருகத் திருகத் தகடு ஒரு பக்கம் இழுபட்டு, கார்டின் மறுமுனை ஸ்லாட்டிலிருந்து மெல்ல எழும்பும். திருகி முடித்ததும் மறுபடி குனிந்து பாருங்கள். இந்த இடத்துக்கு உரியது பட்டை பட்டையாகப் பெரிய மரை கொண்ட 6-32 ஸ்க்ரூ. அதே பொட்டலத்தில் நெருக்கமான மரையோடு கிடக்கும் எம் 3 ஸ்க்ரூவை இங்கே திணித்தால் பிடிக்காது, துளையும் வீணாகும்.

மூடியைப் போடாமலே ஒருமுறை இயக்கிப் பார்த்துவிடுவது நல்லது. கார்டு தெரிகிறது என்று உறுதியான பிறகு மூடலாம்.

கே: விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் ‘ஈதர்நெட் கன்ட்ரோலர்’ என்று மஞ்சள் முக்கோணத்தோடு நிற்கிறது. டிரைவர் இறக்க இன்டர்நெட் வேண்டும். இன்டர்நெட்டுக்கு டிரைவர் வேண்டும்!

ப: மஞ்சள் முக்கோணம் நல்ல செய்திதான். ஸ்லாட்டில் கார்டு சரியாக உட்கார்ந்து, கணினி அதைப் பார்த்துவிட்டது என்று பொருள். அந்தப் பெயரை இரட்டைக் கிளிக் செய்தால் ஒரு எண் வரும். 28 என்றால் டிரைவர் இல்லை. 10 என்றால் டிரைவர் இருக்கிறது, ஆனால் கார்டைத் தொடங்க முடியவில்லை. வேறு பதிப்பு டிரைவரைப் போட்டுப் பார்க்கலாம், கார்டைக் கழற்றி மாட்டியும் பார்க்கலாம்.

எந்த டிரைவர் என்று தெரிந்துகொள்ள அட்டைப் பெட்டியைப் பார்க்காதீர்கள். பெட்டியில் இருப்பது விற்பவரின் பெயர்; டிரைவர் சிப்புக்கு உரியது. அதே ஜன்னலில் டீட்டெய்ல்ஸ் பகுதிக்குப் போய் ஹார்ட்வேர் ஐடி என்பதைத் தேர்ந்தெடுங்கள். ‘வென்’ என்ற எழுத்துகளை அடுத்து வருவது தயாரிப்பாளர் எண்: 8086 இன்டெல், 10இசி ரியல்டெக், 14இ4 பிராட்காம், 15பி3 மெல்லனாக்ஸ். ‘டெவ்’ என்பதை அடுத்து வருவது சிப்பின் எண். இவ்விரண்டையும் சேர்த்துத் தேடினால் குறி தப்பாது.

இறக்குவதற்கு இன்னொரு கணினியும் பென் டிரைவும் போதும். அதுவும் இல்லையென்றால் கைபேசியை யுஎஸ்பி கேபிளில் இணைத்து, யுஎஸ்பி டெதரிங்கை இயக்குங்கள். ஐந்து நிமிட வேலை.

கே: கார்டு 1 கிகாபிட், சுவிட்ச் 1 கிகாபிட். ஆனால் இணைப்பு 100 மெகாபிட் என்றே காட்டுகிறது. கார்டை மாற்றியும் பார்த்துவிட்டேன்.

ப: கார்டைவிட்டுக் கேபிளைப் பிடியுங்கள். 100 மெகாபிட்டுக்கு எட்டுக் கம்பிகளில் நான்கு போதும்: 1, 2, 3, 6. கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். 4, 5, 7, 8-இல் ஒன்று அறுந்திருந்தாலும், பிளக்கின் முள் அதில் குத்தாமல் போயிருந்தாலும் கிகாபிட் நிற்காது. விநோதம் என்னவென்றால், ‘எவ்வளவு வேகத்தில் பேசலாம்’ என்ற ஆரம்பப் பேச்சுவார்த்தை 1, 2, 3, 6 வழியாகவே நடந்துவிடும். இரு பக்கமும் கிகாபிட் என்று ஒப்புக்கொள்ளும், முயன்று பார்க்கும், தோற்கும். சில முயற்சிகளுக்குப் பிறகு பெரும்பாலான சிப்கள் 100-க்கு இறங்கிவிடும். கேபிளைச் செருகியதிலிருந்து விளக்கு எரிய வழக்கத்தைவிடப் பல விநாடி கூடுதலாக எடுத்தால், இந்த நோய்தான்.

கையால் கிரிம்ப் செய்த கேபிள் என்றால் வரிசையைச் சரிபாருங்கள்: ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு. பச்சை ஜோடி 3-இலும் 6-இலும் பிரிந்து உட்கார்வதைக் கவனியுங்கள். ‘ஜோடியை ஏன் பிரிக்க வேண்டும்’ என்று 3, 4-இல் பச்சையையும் 5, 6-இல் நீலத்தையும் வரிசையாக அடுக்கிவிடுபவர்கள் உண்டு. இரு முனையிலும் அப்படியே செய்தால், விளக்கு எரிந்து காட்டும் மலிவான டெஸ்டர் எட்டும் சரி என்றே சொல்லும். ஆனால் ஒரு சிக்னலின் இரு கம்பிகளும் ஒன்றோடொன்று முறுக்கப்படாததால் பக்கத்துச் சத்தம் புகுந்துவிடும். குட்டைக் கேபிளில் தப்பிக்கலாம். நீளம் கூடினால் கிகாபிட் தடுமாறும். பிளக்குக்குள் முறுக்கைப் பிரிப்பதும் 13 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது.

கே: அப்படியானால் டிரைவர் அமைப்பில் வேகத்தை நாமே நிர்ணயித்துவிடலாமா?

ப: வேண்டாம். செப்புக் கேபிளில் ஓடும் கிகாபிட்டுக்கு ஆட்டோ நெகோஷியேஷன், அதாவது மேலே சொன்ன ஆரம்பப் பேச்சுவார்த்தை, கட்டாயம். 100-இல் ஒரு பக்கத்தை மட்டும் ஃபுல் டூப்ளெக்ஸ் (ஒரே நேரத்தில் இரு திசையிலும் பேசுவது) என்று பூட்டினால், பதில் கிடைக்காத மறுபக்கம் தன்னை ஹாஃப் டூப்ளெக்ஸ் (மாறி மாறிப் பேசுவது) என்று வைத்துக்கொள்ளும். பிங் என்ற சின்னச் சோதனைப் பாக்கெட் ஒழுங்காகப் போகும், பெரிய ஃபைல் நகலெடுத்தால் ஆமையாகிவிடும். பூட்டினால் இரு பக்கமும் பூட்டுங்கள். இல்லையேல் இரண்டையும் ஆட்டோவில் விடுங்கள்.

கே: பழைய கார்டைக் கழற்றிப் புதியது மாட்டினேன். பழைய ஐபி முகவரியையே கொடுத்தால், ‘இது வேறொரு அடாப்டருக்குத் தரப்பட்டுள்ளது’ என்கிறது விண்டோஸ். வேறு அடாப்டரே இல்லையே?

ப: ஆவி இருக்கிறது. கழற்றிய கார்டின் பதிவை விண்டோஸ் அழிப்பதில்லை. டிவைஸ் மேனேஜரில் வியூ மெனுவுக்குப் போய் ‘ஷோ ஹிடன் டிவைசஸ்’ என்பதைச் சொடுக்குங்கள். நெட்வொர்க் அடாப்டர்ஸ் கீழே மங்கலாகப் பழைய கார்டு தெரியும். அதை அன்இன்ஸ்டால் செய்துவிட்டு முகவரியைக் கொடுங்கள். அதே பட்டியலில் மங்கலாகத் தெரியும் மற்றவற்றின் மேல் கை வைக்காதீர்கள். விபிஎன் போன்றவை பயன்படுத்தும் மெய்நிகர் அடாப்டர்கள் அங்கே இருக்கும்.

கார்டை மாற்றினால் மேக் முகவரியும் (கார்டுக்கே உரிய அடையாள எண்) மாறும் என்பதை மறக்க வேண்டாம். ரவுட்டரில் ‘இந்தக் கணினிக்கு இந்த முகவரி’ என்று ஒதுக்கி வைத்திருந்தால் அதைத் திருத்த வேண்டும். விலை உயர்ந்த டிசைன் மென்பொருள்கள் சில, உரிமத்தையே மேக் முகவரியோடு கட்டிப்போடும். அப்படி ஒன்று இருந்தால், கார்டைக் கழற்றும் முன் புதிய உரிமக் கோப்புக்கு எழுதிப் போட்டுவிடுங்கள்.

கே: லினக்ஸ் வொர்க்ஸ்டேஷனில் இரண்டாவது கார்டைச் சேர்த்தேன். நன்றாக ஓடிக்கொண்டிருந்த முதல் கார்டு வேலைநிறுத்தம் செய்துவிட்டது. ஏன்?

ப: பெயர் மாறியிருக்கும். ‘இஎன்பி3எஸ்0’ போன்ற பெயரில் ‘பி3’ என்பது பிசிஐ பஸ் எண். புதிய கார்டு நடுவில் நுழைந்ததும் எண்ணிக்கை தள்ளிப்போய், பழைய கார்டு ‘பி4’ ஆகியிருக்கும். முகவரி அமைப்போ பழைய பெயருக்கே எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் பெயரில் யாரும் இல்லை. ‘ஐபி லிங்க்’ கட்டளை கொடுத்தால் இப்போதைய பெயர்களும் மேக் முகவரிகளும் தெரியும்.

பெயரைத் திருத்தினால் இன்றைக்குச் சரியாகும். அடுத்த கார்டு வரும்போது மறுபடி உடையும். நிரந்தர வழி, மேக் முகவரியை வைத்து அடையாளம் காட்டுவது. நெட்வொர்க் அமைப்புக் கருவியான நெட்பிளானில் ‘மேட்ச்’ பகுதியில் மேக் முகவரியைக் கொடுக்கலாம். அல்லது லினக்ஸின் சேவை மேலாளரான சிஸ்டம்டியின் லிங்க் கோப்பு ஒன்றில் அந்த மேக்குக்கு நீங்களே பெயர் சூட்டலாம். ‘லேன்0’ போல வையுங்கள். ‘ஈத்0’ வேண்டாம்; கர்னல் தானே சூட்டும் பெயரோடு மோதும். தொலைவிலிருந்து இயக்கும் கணினி என்றால், கார்டு மாட்டும் நாளில் ஒரு கீபோர்டும் மானிட்டரும் அருகில் இருக்கட்டும்.

கே: ஒரு கார்டில் அலுவலக நெட்வொர்க், இன்னொன்றில் ஸ்டோரேஜ் பெட்டி. இரண்டிலும் கேட்வே கொடுத்தேன். இன்டர்நெட் வருகிறது, போகிறது.

ப: இரண்டாவது கேட்வேயை அழியுங்கள். கேட்வே என்பது ‘தெரியாத ஊருக்கு எல்லாம் இந்த வழி’ என்ற பலகை. இரண்டு பலகை வைத்தால் சில பாக்கெட்டுகள் ஸ்டோரேஜ் பக்கம் போய்ச் செத்துவிடும். ஸ்டோரேஜ் கார்டுக்கு முகவரியும் சப்நெட் மாஸ்க்கும் போதும். சப்நெட்டும், அதாவது முகவரி வரிசையும், வேறாக இருக்கட்டும்: அலுவலகம் 192.168.1 வரிசை என்றால் ஸ்டோரேஜுக்கு 192.168.50. இரண்டும் ஒரே சப்நெட் என்றால், 10 கிகாபிட் கார்டு சும்மா கிடக்க, ஃபைல்கள் 1 கிகாபிட் வழியே போய்க்கொண்டிருக்கலாம்.

கே: முகவரி 169.254 என்று ஆரம்பிக்கிறது. சரியா?

ப: முகவரி தருபவரை (டிஹெச்சிபி) கேட்டுப் பார்த்து, பதில் வராமல் கணினி தானே வைத்துக்கொண்ட முகவரி அது. கேபிள், சுவிட்ச் போர்ட்டின் விலேன் (சுவிட்சைத் தனித்தனி நெட்வொர்க்குகளாகப் பிரிக்கும் அமைப்பு), டிஹெச்சிபி என்ற வரிசையில் பாருங்கள்.

கே: ஜம்போ ஃபிரேம் (பெரிய பாக்கெட்) போட்டால் வேகம் கூடுமா? போட்ட பிறகு சில ஃபைல்கள் பாதியில் நிற்கின்றன.

ப: 1 கிகாபிட்டில் லாபம் சொற்பம். 1500 பைட் பாக்கெட்டில் அதிகபட்சம் 949 மெகாபிட் பயனாகும். 9000-இல் அது 991. பத்து கிகாபிட்டில் ப்ராசஸர் சுமை குறைவதால் பொருள் உண்டு. ஆனால் கணினி, சுவிட்ச், எதிர்ப்பக்கம் மூன்றிலும் போட வேண்டும். நடுவில் ஒன்று விட்டுப்போனால் சின்னப் பாக்கெட் போகும், பெரியது சத்தமில்லாமல் மறையும். நீங்கள் காண்பது அதுதான்.

விண்டோஸ் டிரைவர்கள் 9014 என்று காட்டினால் பயப்பட வேண்டாம், 14 பைட் ஈதர்நெட் தலைப்பைச் சேர்த்த கணக்கு அது. சோதிக்க, பிங் கட்டளையில் உடைக்காதே என்ற எஃப் விருப்பத்தையும், எல் விருப்பத்தில் 8972-ஐயும் கொடுங்கள். 9000-இல் 28 பைட் தலைப்புகளுக்குப் போனால் மிச்சம் அவ்வளவே. பதில் வந்தால் பாதை முழுக்கத் திறந்திருக்கிறது.

கே: பழைய சர்வர் கார்டு ஒன்று. காலையில் அருமையாக ஓடுகிறது, ஒரு மணி நேரத்தில் இணைப்பு விட்டு விட்டு வருகிறது.

ப: கார்டைத் தொட்டுப் பாருங்கள், மெதுவாக. சர்வர் கார்டுகளின் ஹீட்சிங்க்கில் (சூட்டை இறக்கும் உலோகத் துண்டு) விசிறி கிடையாது. முன்னாலிருந்து பின்னால் புயல்போல் காற்று ஓடும் சர்வர் பெட்டியை நம்பிச் செய்தவை அவை. அமைதியான வொர்க்ஸ்டேஷனில், அதுவும் கிராபிக்ஸ் கார்டின் வெந்த மூச்சுக்கு நேர் கீழே, காற்றே படாது. ஹீட்சிங்க்கை நோக்கி ஒரு சின்ன விசிறியைக் குறைந்த வேகத்தில் ஓடவிடுங்கள். 10 கிகாபிட் செப்புக் கேபிளுக்கான எஸ்எஃப்பி பிளஸ் மாட்யூல் (கார்டின் துளையில் செருகும் சின்ன இணைப்பான்) செருகியிருந்தால் அதுவும் நன்றாகக் கொதிக்கும். தூரம் சில மீட்டர்தான் என்றால் இரு முனையிலும் மாட்யூல் பொருத்தியே வரும் டிஏசி கேபிளுக்கு மாறுங்கள். சூடு வெகுவாகக் குறையும்.

கே: வைஃபை கார்டு மாட்டினேன். வைஃபை வருகிறது, ப்ளூடூத் மட்டும் காணோம்.

ப: கார்டு வந்த அட்டைப் பெட்டிக்குள் ஒரு மெல்லிய கேபிள் மிச்சம் கிடக்கிறதா பாருங்கள். ப்ளூடூத் பகுதி யுஎஸ்பி வழியே பேசும். கார்டிலிருந்து மதர்போர்டின் ஒன்பது முள் யுஎஸ்பி ஹெடருக்கு அந்தக் கேபிள் போக வேண்டும்.