கொட்டாங்கச்சி ஊற்றும் 400 அடி போரும்
(வாசகர் கேள்வி பதில்)

எங்கள் வீட்டு 200 அடி போர் வற்றிவிட்டது. பக்கத்து வீட்டில் 400 அடி போட்ட பிறகுதான் இப்படி. நாங்களும் ஆழமாகப் போடலாமா?
– காரைக்குடி வாசகர்

போடலாம். தண்ணீரும் வரலாம். அப்புறம் அவர் 600 அடிக்குப் போவார், நீங்கள் நகையை அடகு வைப்பீர்கள்.

சின்ன வயதில் சித்திரை மாதம் கண்மாய்க்குள் ஊற்றுத் தோண்டுவோம். முழங்கை ஆழத்துக்கு ஒரு குழி. கொட்டாங்கச்சியால் மொண்டு மொண்டு ஒரு குடம் நிறைய அரை மணி நேரம் ஆகும். பக்கத்தில் ஒரு பெரிய பையன் வந்து இடுப்பளவு தோண்டினால் போச்சு, என் குழியில் ஈர மணல்தான் மிஞ்சும். பூமிக்குள்ளும் இதே கதைதான். மோட்டார் இழுக்க இழுக்க, போரைச் சுற்றி நீர்மட்டம் புனல் மாதிரி குழிந்து இறங்கும். இரண்டு போரும் ஒரே நீரடுக்கில் இருந்தால், ஆழம் குறைந்ததுதான் முதலில் காற்று வாங்கும். இன்னும் கீழே வேறு அடுக்கு இருக்கலாம். ஆனால் அது நீண்ட காலமாகச் சொட்டுச் சொட்டாகச் சேர்ந்தது. எடுத்த வேகத்தில் திரும்ப ஊறாது. உப்பாக இருக்கவும் வாய்ப்புண்டு.

நம் ஊர்க்காரருக்குக் காரைக்குடியின் சம்பை ஊற்றைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. களிமண் அடுக்குகளுக்கு நடுவே அழுத்தத்தில் அடைபட்ட நீர், குழாய் இறக்கினால் தானே மேலேறும். அதுதான் ஆர்ட்டீசியன் ஊற்று. சுற்றிலும் உறிஞ்சினால் அந்த அழுத்தமும் குறையும்.

சரி, என்னதான் செய்வது? கணக்குப் போடுங்கள். 1,000 சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 930 லிட்டர். 13 சென்டிமீட்டர் பெய்தால் 12,000 லிட்டர் லாரி ஒன்று இலவசமாக வந்த மாதிரி. 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது நானும் மாடியிலிருந்து குழாய் இறக்கி, நீர் உறிஞ்ச ஒரு குழி வைத்தேன். பத்து வருடம் கழித்துத்தான் அந்தக் குழியைத் திறந்தேன்: வேப்பிலைச் சேறு, பால் கவர்கள், ஒற்றைச் செருப்பு. அத்தனை வருட மழையும் தெருவில்தான் ஓடியிருக்கிறது. முதலில் உங்கள் குழியைத் திறந்து பாருங்கள். ஜல்லியையும் மணலையும் அலசிப் போடுங்கள். கொல்லையில் பழைய கிணறு இருந்தால், வடிகட்டிய நீரை அதில் விடுங்கள். போர் வண்டியைக் கூப்பிடுவது அதற்கு அப்புறம்.

அப்பத்தா காலத்தில் ஊருணித் தண்ணீரை அப்படியேவா குடித்தார்கள்?
– தேவகோட்டை வாசகி

அப்படியே இல்லை. மண்பானையின் உள்பக்கம் தேத்தாங்கொட்டையை நாலு சுற்று இழைத்துவிட்டுத் தண்ணீரை ஊற்றுவார்கள். கலங்கலில் மிதக்கும் மண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, கனத்து, அடியில் படியும். காலையில் பார்த்தால் பானையின் அடி தெரியும். ஆனால் தெளிந்த தண்ணீர் எல்லாம் சுத்தமான தண்ணீர் ஆகிவிடாது. நரம்புச் சிலந்தி என்று ஒரு புழு நோய் இருந்தது. அது வந்தவர் குடிநீர்க் குளத்தில் காலை வைத்தால் போதும், குடிக்கிறவர்களுக்கும் பரவக்கூடும். இந்தியா அதிலிருந்து விடுபட்டதாக 2000-இல்தான் சான்றளித்தார்கள். குடிக்கிற ஊருணியில் கால் நனைக்கக் கூடாது என்று ஊர்க் கட்டுப்பாடு வைத்தவர்கள் விவரமானவர்கள்.

தேங்காயைக் கையில் வைத்து நீரோட்டம் பார்ப்பதை நம்பலாமா?
– புதுவயல் வாசகர்

தேங்காயை வாங்கி வந்து சட்னி அரையுங்கள். மணற்கல் பூமியில் எங்கே குத்தினாலும் ஏதோ ஓர் ஆழத்தில் தண்ணீர் தட்டும். பெயர் தேங்காய்க்குப் போகிறது.

பழைய வீட்டு வளவில் (நடு முற்றத்தில்) மழை விழுந்து தரை வழுக்குகிறது. மேலே ஷீட் போடச் சொல்கிறாள் மருமகள்.
– பள்ளத்தூர் வாசகி

பிள்ளை சொல்வது நியாயம்தான் ஆச்சி, போடுங்கள். குரங்கும் உள்ளே இறங்காது. ஆனால் கூரை நாலு பக்கமும் உள்நோக்கிச் சரிவது எதற்கென்று உங்களுக்கே தெரியும். முதல் மழையில் ஓடு கழுவிப் போகட்டும் என்று விட்டுவிட்டு, அடுத்த மழைக்குக் கூரைத் தண்ணீர் கொட்டும் தூம்புக்கடியில் அண்டாவை வைத்து, வாயில் வேட்டித் துணியைக் கட்டுவார்கள். நிறைந்து வழிவது முற்றத்து மடை வழியாக வெளியே போய் ஊருணிக்குச் சேரும். ஷீட் போடுகிறவரிடம் சரிவை அந்தப் பழைய தூம்புப் பக்கமே வைக்கச் சொல்லுங்கள். அண்டா பரணில்தானே இருக்கிறது? முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையில் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.