கொரோனா பெருந்தொற்றில் பள்ளி மூடியிருந்த காலத்தில் பிள்ளைகளின் உடல்வலு குறைந்தது; அதனால் வகுப்பில் அவர்களுக்கிருந்த மதிப்பும் குறைந்ததா?

பலருக்குக் குறைந்தது. ஆனால் உடற்கல்வி ஆசிரியனாக நான் பார்த்தவரை, அது ஒருவழிக் கணக்கு அல்ல. வகுப்பில் மதிப்பில்லாத பிள்ளைக்குப் பந்து வராது. பந்து வராதவன் ஓடமாட்டான். ஓடாதவனுக்கு மூச்சுத்திறன் வளராது. பெருந்தொற்றுக்கு முன்பே இருந்த சுழல்தான் இது. 2020 மார்ச்சில் பள்ளிகள் அடுத்தடுத்து மூடப்பட்டபோது நின்ற அது, மறுபடி திறந்தபோது புதிதாகச் சில பிள்ளைகளையும் உள்ளே இழுத்துக்கொண்டது.

5 முதல் 17 வயது வரையிலானவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படியான உடலசைவு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 11 முதல் 17 வயதினரில் 81 விழுக்காட்டினர் 2016-லேயே அந்த அளவை எட்டவில்லை. இடைவேளையில் துரத்திப் பிடிப்பது, மாடிப்படி ஏறி இறங்குவது என்று யாரும் பயிற்சியாகக் கணக்கில் வைக்காத அசைவுகள்தாம் பலருக்கு மிச்சமிருந்தன. பள்ளி மூடியதும் அவையும் போயின. அமெரிக்காவில் 2 முதல் 19 வயது வரையிலான நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பதிவுகளை ஆராய்ந்து 2021-இல் வெளியிட்ட ஆய்வில், உடல் நிறைக் குறியீடு (உயரத்தோடு ஒப்பிட்ட எடையின் அளவு) கூடும் வேகம் முன்பிருந்ததைப்போல ஏறத்தாழ இருமடங்காகியிருந்தது. இறங்கிய மூச்சுத்திறனைச் சில மாதப் பயிற்சியில் மீட்டுவிடலாம். ஏறிய எடை அவ்வளவு எளிதில் இறங்குவதில்லை. ஓடும்போது அதையும் சேர்த்துத்தான் சுமக்க வேண்டியிருக்கிறது.

மாணவர்கள் 'கெத்து' என்று சொல்வதில் விளையாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு, குறிப்பாக ஆண் பிள்ளைகளிடம். பள்ளி மூடியிருந்த இடைவெளியில் உடம்பு தேய்ந்ததோடு வளரவும் செய்தது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஐந்தாம் வகுப்பில் அணித்தலைவனாக இருந்த ஒருவன் ஏழாம் வகுப்பில் திரும்பி வந்தபோது, கூட நின்றவர்களில் பாதிப்பேர் அவனைவிட ஒரு தலை உயரம் கூடியிருந்தார்கள். அவன் எதையும் இழக்கவில்லை, ஆனாலும் அவனுடைய இடம் போய்விட்டது.

என் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். பள்ளி திறந்த இரண்டாம் வாரம், கனடாவின் ஆய்வாளர் லூக் லெஜே 1980-களில் வடிவமைத்த ஷட்டில் ஓட்டச் சோதனையை வகுப்பு முழுவதற்கும் ஒரே நேரத்தில் வைத்தேன். 20 மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடுகள், பீப் ஒலிப்பதற்குள் எதிர்க்கோட்டைத் தொட்டுவிட வேண்டும், மணிக்கு 8.5 கிலோமீட்டரில் தொடங்கும் வேகம் நிமிடத்துக்கு அரை கிலோமீட்டர் கூடிக்கொண்டே போகும். மூச்சுத்திறனை அளப்பதற்கு நல்ல சோதனைதான். ஆனால் முதலில் களைத்தவன் ஓரத்தில் போய்த் தனியாக நிற்க, மற்றவர்கள் ஓடிக்கொண்டே அவனைப் பார்க்கிறார்கள். யார் யாருக்குக் கீழே என்ற பட்டியலை நானே மைதானத்தில் எழுதிக் காட்டிவிட்டேன். அடுத்த வாரம் அணி பிரிக்கும் நேரத்தில் அன்று முதலில் நின்றவன் குனிந்து காலணிக் கயிற்றை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தான். நான்கு முறை எண்ணினேன். கடைசி ஆள் எடுக்கப்படும்வரை அவன் நிமிரவில்லை.

அதன்பின் சோதனையை நான்கு நான்கு பேராகப் பிரித்து நடத்தினேன். தலைவர்கள் ஆள் எடுக்கும் வழக்கத்தை நிறுத்திச் சீட்டுக் குலுக்கினேன். அணித்தலைவர்கள் ஆள் பொறுக்குவதைப்போல ஒரு கெட்ட பழக்கம் உடற்கல்வியில் வேறில்லை என்பது என் கருத்து. சக ஆசிரியர்கள் சிலர் இதை ஒப்புவதில்லை. எல்லோரும் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாறும் விளையாட்டுகளைக் கூட்டியதில், பந்து தொடாமல் ஒரு வகுப்பு நேரத்தையே கழித்துவந்த பிள்ளைகளும் தொட்டார்கள்.

இடைவேளையில் என் சீட்டு செல்லாது. அங்கே அவர்களே அணி பிரிக்கிறார்கள். அங்கு உதவியது ஒரு கூட்டாளி மட்டுமே. கூப்பிட ஒருவன் இருக்கும் பிள்ளை, மெதுவாக ஓடினாலும் ஆட்டத்துக்குள் வந்துவிடுகிறான். ஆகவே, பிள்ளையைத் தனியாக ஓட்டப் பயிற்சிக்கு அனுப்பலாமா என்று கேட்கும் பெற்றோரிடம், முதலில் அவனுடைய வகுப்பிலிருந்து ஒரே ஒருவனை மாலையில் விளையாட அழைத்துப் பாருங்கள் என்கிறேன்.